மொட்டைத் தலைகளைத் தேடிய டாக்டர்

டாக்டர் தயாளன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டாம் தடவை ரத்தம் கொடுப்பதற்காக உட்கார்ந்திருந்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர்களுடைய சளியையும் ரத்தத்தையும் பார்த்துக் கழித்தவள், இப்போது என்னுடையதைக் கொடுத்துவிட்டுச் சுவரில் ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்த கண்ணன் போன் செய்தான். "அக்கா, நம்ம டாக்டர் பூட்டாருக்கா. தூக்கத்துலயே. சாயங்காலம் எடுக்கறாங்களாம், திருவாலங்காடு வந்துடுங்க" என்றான். "ஆங், வரேன்" என்று சொல்லி வைத்தேன். அழுகை வரவில்லை. ஓர் அலுப்புதான் வந்தது. இந்த வயதில் சாவுச் செய்தி வருவது காய்கறிக்காரர் வருகிற மாதிரி ஆகிவிட்டது. குரல் கேட்டால் எழுந்து போக வேண்டியதுதான்.

உடனே கிளம்பலாமா என்று யோசித்தேன். எழுந்தால் பரிசோதனை பாழ், மறுநாள் மறுபடியும் வெறும் வயிற்றோடு வந்து நிற்க வேண்டும். போகட்டும் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களைத் துரத்துவதே வேலையாக இருந்த மனிதர் அவர். அவருடைய சாவுக்காக நான் பாதியில் எழுந்து போனால் அவருக்கே பிடிக்காது. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சோடு திருத்தணி ஸ்டேஷனுக்குப் போய் சென்னை மின்சார ரயிலில் ஏறினேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரிடம் மாத்திரை சாப்பிட்டவர்கள். எனக்குத் தெரியும், உங்கள் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் நான்தானே. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரி போகிறீர்களே, அதற்காக எனக்குக் கோபம் கிடையாது. யார் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவன் பெயரை மட்டும் சொல்வேன். அவனே சொல்லச் சொன்னான்.

டாக்டர் எங்களிடம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டிபி பிரிவு என்பது பின்பக்கச் சுவரை ஒட்டிய ஒரு நீள அறை. நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் டாக்டரின் மேசை, இந்தப் பக்கம் என் மைக்ராஸ்கோப். அங்கே வருகிற டாக்டர்கள் மாற்றல் உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டேதான் வருவார்கள், நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட மாட்டார்கள். இவர் வந்ததும் வராததுமாக ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தார். வெளியே சந்தைக்குப் போகிற வழி. ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளி எழுந்துபோய் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். டாக்டர் திறந்தார். அவர் சாத்தினார். "காத்து வேணும்னா உங்க வூட்ல போயி வாங்கிக்கங்க சார். எம் பொண்ணு கல்யாணம் கெட்டுப்போனா நீங்களா வந்து நடத்துவீங்க?" என்று கேட்டே விட்டார். டாக்டர் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கை புடிம்மா" என்று பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். எல்லா பெஞ்சுகளையும் திருப்பிப் போட்டோம். அன்று முதல் எங்கள் நோயாளிகள் வழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். "முதுகுல பேர் எழுதியிருக்காதுய்யா, உக்காரு" என்றார் அவரிடம். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஜன்னல்களை யாரும் சாத்தவில்லை.

எங்கள் பிரிவுக்கு எத்தனை பெயர் மாற்றினார்கள் என்று எனக்கே குழப்பம். ஒவ்வொரு தடவையும் புதுத் திட்டம், புது போர்டு, அந்த போர்டுக்கு முன்னால் ஒரு போட்டோ. பழைய போர்டைக் கழற்றி என் அறையில் சாத்தி வைப்பார்கள், மழை ஒழுகும் இடத்துக்கு அதைத்தான் மறைப்பாக வைப்பேன். டாக்டர் போட்டோவுக்கு நிற்பார், சிரிக்க மாட்டார். "பேர் மாறினா கிருமி பயந்துடும்னு நெனைக்கிறாங்க, நெனைச்சிக்கட்டும்" என்பார். ஆனால் புது மருந்து வந்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். டப்பாவைத் திறந்து, உள்ளேயிருக்கும் துண்டுச் சீட்டைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுவதும் படிப்பார். வேறு எந்தக் காகிதத்தையும் அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

ஏன் என்பது ஒரு நாள் பிளாட்பாரத்தில் தெரிந்தது. அவர் திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவர், கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அன்று ரயில் தாமதம். நான் யாரையோ ஏற்றிவிடப் போயிருந்தேன். சும்மா பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய சித்தியைப் பற்றிச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது சித்திக்கு டிபி. கரும்புக் கொல்லையில் பம்புசெட்டு கொட்டகைக்குள் அந்த அம்மாவைத் தனியாக வைத்துவிட்டார்கள். சாப்பாட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டு வருவார்களாம். அதற்கு முந்தைய காலத்தில் இந்த நோய்க்கு நல்ல காற்றும் முட்டையும் பாலும்தான் வைத்தியம், அதுவும் வசதி இருக்கிறவர்களுக்கு. சித்தியின் காலத்தில் ஊசியும் மாத்திரையும் வந்துவிட்டன. சென்னையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "இதே ரயில்தான் விஜயாம்மா. ஏறுனா மெட்ராஸ். அங்க மருந்து இருக்குது, இங்க எங்க சித்தி இருக்குது. ரெண்டும் சந்திக்கவே இல்ல" என்றார். பிறகு சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். "மருந்து கண்டுபுடிக்கறது ஒரு வேலை. அது ரயிலேறி நம்ம ஊர்ல வந்து எறங்கறது இன்னொரு வேலை. இந்த ரெண்டாவது வேலைக்குத்தான் நமக்கு சம்பளம்."

நம் நாட்டு வைத்தியம் வளர்ந்த கதையைப் பெரியவர்கள் பெரிய மேடைகளில் சொல்வார்கள். நான் பார்த்தது எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வழியாகத்தான். தொடக்கத்தில் வருஷக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, இடுப்பு மரத்துப்போய் வந்தவர்கள். பிறகு வீரியமான மாத்திரைகள் வந்து வைத்தியம் ஆறேழு மாதத்துக்குச் சுருங்கியது. பிறகு எங்கள் கண் முன்னாலேயே விழுங்கிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தறிக்காரர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். இப்போது போனிலேயே எல்லாம் பதிவாகிவிடுகிறதாம், மாத்திரையும் தினம் ஒரே அட்டையில். நல்லதுதான். ஆனாலும் இருமல் வந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் முதலில் மூலைக்கடையில் டானிக், அடுத்து ஊசி போடும் ஆள், அதற்கடுத்து ஸ்கேன் சென்டர் என்று சுற்றிவிட்டு, உடம்பு நூலாக இளைத்த பிறகுதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

எங்கள் ஊருக்கென்றே இன்னொரு தொல்லை இருந்தது. இருமலில் ரத்தம் பார்த்ததும் வீட்டில் யாராவது முருகன் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, குணமானால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், கன்னம் உப்பும். அவ்வளவுதான், மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வேண்டுதல் முடிந்தது, நோயும் முடிந்தது. மாத்திரை வாங்க வர மாட்டார்கள். கிருமி மட்டும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்படி நிறுத்திய ஒருவரை டாக்டர் மார்க்கெட்டில் பிடித்தார், நானும் கூட இருந்தேன். "நோய் தீரலய்யா, இருமல்தான் தீந்திருக்குது. மாத்திரை முழுங்கணும்" என்றார் டாக்டர். அந்த மனிதர் மொட்டையைத் தடவிக்கொண்டே, "முடி குடுத்து முடிச்சிட்டேன் சார். அதுக்கப்பறமும் மாத்திரை முழுங்கிகினு இருந்தா சாமிய நம்பலன்னு ஆயிடாதா?" என்று கேட்டார்.  திரும்பி நடக்கும்போது, "அவன் கேட்டது நியாயமாத்தான் இருக்குது விஜயாம்மா" என்று முணுமுணுத்தார்.

அதிலிருந்து மொட்டைத் தலையைக் கண்டாலே அவருக்குப் பயம். திருத்தணியில் இருந்துகொண்டு மொட்டைத் தலைக்குப் பயந்தால் எங்கே போவது? பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், ரயில் பெட்டியில் என்று எந்த மொட்டையைப் பார்த்தாலும் முகத்தைக் குனிந்து பார்ப்பார். ஒரு தடவை திருப்பதி பஸ்ஸில் ஏறப்போன ஓர் ஆந்திரக்காரரைத் தன் நோயாளி என்று நினைத்துக் கையைப் பிடித்து நிறுத்தி, "மாத்திரை எங்கே?" என்று கேட்டுவிட்டார். பாவம், தமிழ் தெரியாத அந்த மனிதர் கோயில் ஆள் என்னவோ கேட்கிறார் என்று பையைத் துழாவி விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் மறு பேச்சு பேசாமல் எடுத்துப் பூசிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாங்கள் அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

பிறகுதான் அவர் ஒரு வழி கண்டார். புதிதாக வருகிற நோயாளியிடம் இருமலைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "வேண்டுதல் இருக்குதா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார். "முருகருக்கு அவசரம் இல்ல. கடைசி மாத்திரை முழுங்கு, இந்தம்மா சளியப் பார்த்து கிருமி இல்லன்னு சொல்லட்டும், அன்னிக்கு மேல போ. பாதி தீந்த நோய்க்கு முழு மொட்டை எதுக்குய்யா?" இல்லை என்று சொல்கிறவர்களையும் விடமாட்டார், வேண்டிக்கொள்ளச் சொல்வார். மொட்டை என்பது வைத்தியத்தின் கடைசி நாள் என்று ஆகிவிட்டது. கடைசிச் சளியில் கிருமி இல்லை என்று நான் சொன்னதும் நோயாளியின் வீட்டார் டாக்டரைக் கையோடு மலைக்கு அழைத்துப் போவார்கள். அவர் சாமி கும்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் முடி இறக்கும் இடத்துக்கு வெளியே அவர்களுடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக நிற்பார். ஆய்வுக்கூட்டத்தில் ஒரு மேலதிகாரி, "இது நம்ம திட்டத்துல எங்க இருக்குது?" என்று கேலியாகக் கேட்டாராம். "திட்டத்துல இல்ல சார், எங்க ஊர்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி.

இப்போது முனிரத்தினத்துக்கு வருகிறேன். பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன். முதல் தடவை வந்தபோது கல்யாணமான புதிது. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. வீட்டோடு காவடி எடுத்தார்கள், எல்லாரோடும் சேர்ந்து இவனும் மொட்டை போட்டுக்கொண்டான். அடுத்த வாரமே எல்லை தாண்டி ஆந்திரப் பக்கம் தறி வேலைக்குப் போய்விட்டான். டாக்டர் அந்த ஊருக்கே போய்த் தேடினார், ஆள் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது அவனை அவன் மனைவி சுகுணா தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிலைடில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாக மண்டிக் கிடந்தன. சளியைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்ததில் வழக்கமான மாத்திரைகள் எதற்கும் அடங்காத கிருமி என்று தெரிந்தது. அதற்கு அப்போது இருந்த வைத்தியம் இரண்டு வருஷம். அதில் முதல் பல மாதங்கள் தினமும் இடுப்பில் ஊசி.

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கொண்டுபோய்விடும். தெரிந்தேதான் போட்டோம், வேறு மருந்து கையில் இல்லை. சில மாதங்கள் போனதும் முனிரத்தினம் காதுக்குள் வண்டு பறக்கிறது என்றான். சென்னைக்கு அனுப்பிக் காதைப் பரிசோதித்தபோது கேட்கும் சக்தி குறைந்துகொண்டே வருவது தெரிந்தது. தறி ஓட்டுகிறவனுக்குக் காது சும்மா பேச்சு கேட்பதற்கு மட்டும் இல்லை. நாலைந்து தறி ஒன்றாக ஓடும், எதில் நூல் கொண்டோடும் நாடா சிக்கியது, எதில் இழை போனது என்பதைச் சத்தத்தில்தான் பிடிப்பார்கள். ஊசியே இல்லாமல் மாத்திரையிலேயே குணப்படுத்துகிற புது மருந்து வந்திருக்கிறது என்று டாக்டர் படித்திருந்தார். அதைக் கேட்டு சென்னையில் அவர் ஏறி இறங்காத படி இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்து, இன்னும் உங்கள் பக்கத்துக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எப்போது வரும் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. கடைசித் தடவை போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், வியர்வையைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் முனிரத்தினத்தையும் சுகுணாவையும் எதிரில் உட்காரவைத்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன், எல்லாம் கேட்டது. முனிரத்தினத்துக்குக் கேட்பதற்காகச் சத்தமாகவே பேசினார். "ஊசிய நிறுத்தினா மிச்சம் இருக்கற காது நிக்கும். ஆனா நோய் திரும்பிடலாம். திரும்பினா அப்பறம் எங்கிட்ட மருந்து இல்ல. போட்டா நோய் அடங்கும்னு நெனைக்கிறேன், காது முழுசா போயிடும். நீங்கதான் சொல்லணும்." சுகுணா கேட்டாள், "நீங்க இன்னா சார் சொல்றீங்க?" டாக்டர், "எனக்குத் தெரியலம்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.  பிறகு சுகுணாதான் சொன்னாள். "காது போனா நான் கத்தி சொல்லிக்கறேன் சார். ஆளே பூட்டா யார்கிட்ட சொல்றது?" சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பி, "இன்னா பாவா?" என்றாள். முனிரத்தினம் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று லுங்கியை இடுப்பில் தளர்த்தினான். அன்றைய ஊசியை நர்ஸுக்கு விடாமல் டாக்டரே போட்டார்.

சில வாரங்களில் காது முழுக்கப் போய்விட்டது. நோய் அடங்கியது. ஊசி நிறுத்தி மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் சிரித்துக்கொண்டேதான் வருவான். "தறிக் கொட்டாயில எவனுக்கு சார் காது கேக்குது?" என்று சத்தமாகச் சொல்வான். கண்ணனும் நானும் சிரிப்போம். டாக்டர் சிரிக்க மாட்டார். அப்போதுதான் ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த மருந்துப் பெட்டிகளோடு அந்தப் புது மாத்திரையும் வந்து இறங்கியது. முனிரத்தினத்தின் கடைசி ஊசி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. டாக்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்த சீட்டைப் படிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, "வந்துடிச்சி" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. டீ வந்தது, ஆறியது, எடுத்துப் போனார்கள். எனக்கு அந்த டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அதுதான் உயிர் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும், அவர்கள் காதோடு வீடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு டாக்டரால் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் வருகிற நாளில் மாத்திரை கொடுக்கக் கண்ணனை அனுப்பிவிடுவார். வைத்தியம் முடிந்த நாளில் கடைசிச் சளியைப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்று சொன்னேன். சுகுணா தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்து, "வாங்க சார், மேல போவலாம்" என்று கூப்பிட்டாள். எத்தனையோ பேருக்குச் செருப்புக் காவல் நின்றவர், இதற்கு மட்டும், "வேலை இருக்குதும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான்தான் போனேன். முனிரத்தினம் மொட்டை போட்டுக்கொண்டான், சுகுணாவும் தன் நீள முடியைக் கொடுத்தாள். சந்தனம் பூசிய தலையோடு இரண்டு பேரும் டாக்டருக்குக் காட்ட ஓடி வந்தார்கள். அவர் முந்தின ரயிலிலேயே போய்விட்டிருந்தார். அவர்கள் முகம் வாடிப்போனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

டாக்டரும் நானும் ஓய்வு பெற்ற பிறகு, திருவாலங்காட்டில் அவர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டிருந்தது. விலை உயர்ந்த மாத்திரைகளை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, "நம்ம ஊட்டுக்கு மட்டும் எல்லா மருந்தும் நேரத்துக்கு வந்துடுது பாத்தியா" என்பார். போனதும் முதல் கேள்வி முனிரத்தினம் எப்படி இருக்கிறான் என்பதுதான். நன்றாக இருக்கிறான், கையைத் தறிச் சட்டத்தில் வைத்துப் பார்த்தே எது நின்றது என்று கண்டுபிடிக்கிறான், சத்தம் பிசகினால் சுகுணா வந்து தோளைத் தட்டுகிறாள், ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது என்று சொல்வேன். "நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்க சார், பொதட்டூர்ப்பேட்டை என்ன பம்பாயா?" என்று கோபித்தும் இருக்கிறேன். "போவணும், போவணும்" என்பார். கடைசியாகப் பார்த்தபோது, "ஊசிய நிறுத்தியிருந்தா அந்த மாத்திரை வர்ற வரைக்கும் தாங்கியிருப்பானா?" என்று கேட்டார். "தாங்கியிருக்க மாட்டான் சார், நான் சிலைடு பார்த்தவ" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

கண்ணன் போன் செய்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர்கள் ஒரு பக்கம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கரும்புக்கார உறவினர்கள் வாசலில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள், வழக்கம்போல ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நின்றார்கள். அப்போது முனிரத்தினம் மாலையோடு உள்ளே வந்தான். பின்னால் சுகுணாவும் பெண்ணும். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேல் குனிந்து, "சார், முனிரத்தினம் வந்துக்கிறேன்!" என்றான். வீடே திடுக்கிட்டது. தன் சத்தம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. யாரோ வாயில் விரல் வைத்துக் காட்டினார்கள், அவன் பார்க்கவில்லை. சுகுணா, "அவருக்குக் கேக்காதுங்க. உடுங்க, பேசட்டும்" என்றாள்.

"ஏன் சார் என்னப் பாக்கவே வரல? பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்துட்டு அந்தாண்ட திரும்பிகினு போனீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? காது போச்சேன்னா சார்? நான் வேணாம்னு சொல்லியிருந்தா நீங்க போட்டிருப்பீங்களா? நான்தான சார் திரும்பி நின்னு காட்டினேன். நானா கேட்டு வாங்கின ஊசி சார் அது. அதுக்கு நீங்க ஏன் தல குனிஞ்சிகினு போவணும்?" மூச்சு வாங்கியது. பெண்ணின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினான். "இது எம் பொண்ணு சார். நீங்க பாத்ததில்ல. பாத்துக்கங்க."

 அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் ஐஸ் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றது. காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

டாக்டர் தயாளனைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் எதையாவது வைத்திருப்பீர்கள், அவரவர் உடம்பே சாட்சி. நான் வைத்துக்கொண்டிருப்பது முனிரத்தினம் அன்று பேசிய பேச்சைத்தான். யாரிடம் சொன்னானோ அவர் அதைக் கேட்கவில்லை. சொன்னவனுக்கும் தன் குரல் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்டுவிட்டேன், சார்.